செல்களிடையே வேதிச் சமிக்ஞைகளும் ஏற்பிகளும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பருத்தியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு செல் வெளிவிடும் வேதிப்பொருள் மற்றொரு செல்லின் செயலை மாற்றும்போது அதனை வேதிச் சமிக்ஞை என்கிறோம். அப்பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஏற்பி எனப்படுகிறது. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மானாவாரியாக விளையும் பருத்தியில் காணப்படும் இலைத்துளை மூடல், சப்பையும் பிஞ்சும் உதிர்தல், வேர்க்கசிவு ஆகிய மூன்று நிகழ்வுகளைக் கொண்டு இம்முறைமையை இக்கட்டுரை விளக்குகிறது. சமிக்ஞை எதனைக் குறிக்கிறது என்பதை அதனை அனுப்பும் செல் தீர்மானிப்பதில்லை, பெறும் செல்லே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: ஏற்பி, அப்சிசிக் அமிலம், எத்திலீன், ஆக்சின், ஸ்ட்ரைகால், கரிசல் பருத்தி, சுடுமல்லி.

முன்னுரை

அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த நிலப்பகுதி கரிசல் மிகுந்த வானம் பார்த்த பூமியாகும். குண்டாறு திருச்சுழியை ஒட்டிச் சென்றாலும் ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே தெரியும். உழவு வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தி மார்கழியில் சப்பை வைக்கும். தை மாதத்தில் பூவும் பிஞ்சுமாக நிற்கும். மழையோ பெரும்பாலும் மார்கழியோடு விடைபெற்றுவிடுகிறது. பயிருக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படும் காலமும் வானம் கைவிடும் காலமும் ஒன்றாக அமைவதே இவ்வட்டாரப் பருத்தி வேளாண்மையின் அடிப்படைச் சிக்கல்.

இதனுடன் கரிசலின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. கரிசல் நீரைப் பிடித்துவைக்கும் மண் என்பது உண்மை. ஆனால் அதன் நுண்களித்துகள்களுக்கிடையே சிக்கிய நீரின் ஒரு பகுதியை வேரால் உறிஞ்ச இயலாது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடி நீருக்குத் தவிக்கும் நிலை அதனால் உண்டாகிறது. அந்நிலையில் இரண்டு மாற்றங்களைக் காணலாம். உச்சிவெயிலில் இலையின் நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. சில நாள்களில் செடியின் அடியில் சப்பைகளும் இளம்பிஞ்சுகளும் உதிர்ந்து கிடக்கின்றன. விளைச்சலைக் குறைப்பது பெரிதும் இந்த உதிர்தலே.

செடிக்கு நரம்பு இல்லை. மண்ணுக்கடியில் வேர் அறிந்த வறட்சி இலைக்கு எவ்வாறு எட்டுகிறது? இலை ஒருவிதமாகவும் பிஞ்சின் காம்பு வேறுவிதமாகவும் அதற்கு விடையளிப்பது எதனால்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஏற்பிகளில் உள்ளது.

ஏற்பி என்னும் கருத்து

1905ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில்தான் ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை அறிவியல் வழக்கில் புகுத்தினார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் லாங்லி, நிகோடின் தசையைச் சுருக்குவதையும் குராரே அச்சுருக்கத்தைத் தடுப்பதையும் ஆராய்ந்து, இவ்விரு நஞ்சுகளும் தசைச் செல்லில் உள்ள ‘ஏற்கும் பொருள்’ ஒன்றுடன் இணைகின்றன என்று முன்மொழிந்தார். அப்பொருளை அன்று எவரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. அது விளைவுகளிலிருந்து ஊகிக்கப்பட்ட ஒன்றாகவே இருந்தது. ஏற்பிகள் புரதங்கள் என்பதும் அவற்றின் வடிவமும் பிற்காலத்தில் தெளிவாயின. செல்லின் புறச்சவ்வில் அமைந்து அட்ரீனலின் போன்றவற்றைப் பற்றும் ஏற்பிகளின் ஆய்வுக்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா ஆகியோர் 2012இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

அட்ரீனலின் இதயத்துடிப்பை விரைவாக்குகிறது. அதே மூலக்கூறு மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. மூலக்கூறு ஒன்றாயிருக்க விளைவு இரண்டாகிறது. அந்தந்தச் செல்லில் எவ்வகை ஏற்பி உள்ளது, ஏற்பிக்குப் பின்னால் எந்தப் புரதங்கள் காத்திருக்கின்றன என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமைகிறது. தமிழ் ஆய்வாளர்க்கு இதனை விளக்க ஓர் இணை கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் அதிகாரத் தலைப்பு இருமுறை வருகிறது, 71ஆம் அதிகாரமாகப் பொருட்பாலிலும் 110ஆம் அதிகாரமாகக் காமத்துப்பாலிலும். தலைப்பு ஒன்றே, அரசவையில் அது ஒரு திறன், காதலில் வேறொன்று. அச்சொல்லின் அழுத்தமும் குறிப்பைத் தருபவர் மீதன்றி அறிபவர் மீதே விழுகிறது.

இந்நோக்கில் ‘ஏற்பி’ என்னும் நம் கலைச்சொல்லைச் சற்று எச்சரிக்கையுடன் கையாள வேண்டியுள்ளது. வருவதை வாங்கிக்கொள்ளும் செயலற்ற கலம் என்ற எண்ணத்தை அது தருகிறது. ஒன்றும் வராதபோதே முழுமூச்சாக வேலை செய்து, சமிக்ஞை வந்தபின் ஓயும் ஏற்பிகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று பருத்திப் பிஞ்சின் உதிர்தலில் பங்கேற்பதைப் பின்னர்க் காண்போம். எனினும் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல்லாதலின் இங்கும் அதுவே ஆளப்படுகிறது.

பருத்திப் பிஞ்சு தந்த அமிலம்

வறட்சியைச் செடிக்குள் அறிவிக்கும் முதன்மைச் சமிக்ஞை அப்சிசிக் அமிலம். இதன் வரலாறு பருத்தியிலிருந்தே தொடங்குகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஃபிரெடெரிக் ஆடிகாட்டின் குழுவினர், பருத்திப் பிஞ்சு உதிர்வதற்குக் காரணமான பொருளைத் தேடினர். பூத்து நான்கு முதல் ஏழு நாள்களான பிஞ்சுகள் 225 கிலோவைப் பக்குவப்படுத்தி 9 மில்லிகிராம் படிகத்தைப் பெற்றனர். ‘அப்சிசின் 2’ என்ற பெயரில் 1963இல் அது வெளியிடப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் ஃபிலிப் வேரிங்கின் குழுவினர் மரமொட்டுகளின் உறக்கநிலையை ஆராய்ந்து ‘டார்மின்’ என்ற பொருளைக் கண்டிருந்தனர். இரண்டும் ஒன்றே என்பது 1965இல் உறுதிப்பட்டது. 1967இல் ஒட்டாவாவில் கூடிய மாநாட்டையொட்டி ‘அப்சிசிக் அமிலம்’ என்னும் பொதுப்பெயர் ஏற்கப்பட்டது.

பெயர் ‘உதிர்தல்’ என்ற பொருளிலிருந்து பிறந்தது. ஆயினும் பெரும்பாலான செடிகளில் உதிர்தலை நேரடியாக நிகழ்த்துவது இவ்வமிலம் அன்று, எத்திலீனே என்பது பின்னர்த் தெரியவந்தது. அப்சிசிக் அமிலத்தின் முதன்மைப் பணிகள் வேறிடத்தில் உள்ளன. 1969இல் வாடிய கோதுமை இலைகளில் அதன் அளவு பன்மடங்கு உயர்வது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அது இலைத்துளைகளை மூடச் செய்வதும் காட்டப்பட்டது. இலையில் இது துளையை மூடுகிறது, விதையில் முளைப்பைத் தடுத்து நிறுத்துகிறது. பெயரிட்டவர்கள் அறிந்திருந்தது ஒரே ஒரு விளைவை மட்டுமே.

இலைத்துளை மூடும் வழி

இலைத்துளையின் இருபுறமும் அவரைவிதை வடிவில் இரு காப்புச்செல்கள் உள்ளன. பொட்டாசியமும் அதனுடன் குளோரைடு, மாலேட் போன்ற எதிர்மின் அயனிகளும் உள்ளே சேரும்போது நீரும் உடன் நுழைந்து அவற்றைப் பருக்கச் செய்கிறது. பருத்த செல்கள் வளைந்து விலகுவதால் துளை திறக்கிறது. கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியேறுவதும் இவ்வழியாகவே.

வறட்சியில் அப்சிசிக் அமிலம் காப்புச்செல்லை அடைகிறது. இதன் ஏற்பி புறச்சவ்வில் இல்லை, செல்லுக்கு உள்ளேயே உள்ளது. அதன் நடுவே ஒரு குழிவு. அமிலம் அக்குழிவில் அமர்ந்ததும் புரதத்தின் இரு வளையங்கள் மூடிபோல் மேலே கவிகின்றன. அம்மூடிய வடிவம் ஒரு புதிய மேற்பரப்பை உருவாக்க, அங்கே பாஸ்ஃபட்டேஸ் வகை நொதி ஒன்று வந்து ஒட்டிச் செயலிழக்கிறது.

இந்நொதியின் வழக்கமான வேலை தடுப்பதாகும். கைனேஸ் என்னும் மற்றொரு நொதியிலிருந்து பாஸ்ஃபேட்டை இடைவிடாது நீக்கி அதனை முடக்கிவைத்திருப்பது இதுவே. தடுப்பவர் பிடிபட்டதும் கைனேஸ் விடுதலை பெறுகிறது. கண்மாய் மடையைத் திறக்க வந்தவரை ஒருவர் இறுகப் பிடித்திருக்க, மூன்றாமவர் வந்து பிடித்தவரை அப்புறப்படுத்துவது போன்றது இது. விடுபட்ட கைனேஸ், ‘ஸ்லாக்1’ என்னும் அயனி வாயிலின் மீது பாஸ்ஃபேட்டை ஏற்றி அதனைத் திறக்கிறது. எதிர்மின் அயனிகள் வெளியேறுகின்றன, சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, பொட்டாசியம் பின்தொடர்கிறது, நீரும் வெளியேறக் காப்புச்செல் தளர்ந்து துளை மூடுகிறது. இவையனைத்தும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. இதே கைனேஸ் குடும்பம் செல்லின் உட்கருவில் மரபணுக்களை இயக்கும் புரதங்களையும் தூண்டுகிறது. அதன் விளைவுகள் வெளிப்படச் சில மணிநேரம் ஆகும்.

தடையைத் தடுத்தல் என்னும் இச்சுற்றுவழி வீண்செலவுபோலத் தோன்றலாம். ஆனால் தேவையான புரதங்கள் யாவும் முன்பே செய்து அடுக்கப்பட்டிருப்பதால், சமிக்ஞை வந்தபின் புதிதாக எதனையும் உருவாக்க வேண்டியதில்லை. மதிய வெயிலில் நீரிழக்கும் இலைக்கு இவ்விரைவு இன்றியமையாதது.

வேரின் வறட்சியை இலைக்குக் கொண்டுசெல்வது எது என்னும் வினா நெடுநாள் விவாதத்துக்குரியதாக இருந்தது. வேரில் உருவான அப்சிசிக் அமிலமே சாறோட்டத்தில் மேலேறுகிறது என்று கருதப்பட்டது. 2002இல் வெளியான தக்காளி ஒட்டுச்செடி ஆய்வு இக்கருத்தை அசைத்தது. அவ்வமிலத்தைச் செய்ய இயலாத வேரின் மீது இயல்பான தண்டை ஒட்டியபோதும், மண் காய்ந்ததும் இலைத்துளைகள் மூடின. அவ்வாறாயின் வேரிலிருந்து வேறொன்று சென்றிருக்க வேண்டும். 2018இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸ் செடியில் அதற்கு ஒரு விடை கண்டனர். நீர்ப்பற்றாக்குறையில் வேர், ‘சிஎல்இ25’ என்ற சிறு பெப்டைடை அனுப்புகிறது. இலையிலுள்ள சவ்வேற்பிகள் அதனைப் பற்றியதும் அப்சிசிக் அமிலத்தின் உற்பத்தி இலையிலேயே தொடங்குகிறது. ஒரு சமிக்ஞை மற்றொரு சமிக்ஞையைப் பிறப்பிக்கும் அஞ்சல் முறை இது.

ஏற்பியைத் தேடிய கதை

அப்சிசிக் அமிலம் 1963இல் கிடைத்தது. அதன் ஏற்பி ஐயமின்றி அறியப்பட்டதோ 2009இல். இடைப்பட்ட 46 ஆண்டுகளில் பல உரிமைகோரல்கள் எழுந்து வீழ்ந்தன. 2006இல் புகழ்பெற்ற இதழொன்றில் வெளியான அத்தகைய கட்டுரை 2008இல் திரும்பப் பெறப்பட்டது. தேடல் கடினமானதற்குக் காரணம் எளியது. அரபிடாப்சிஸில் இவ்வேற்பிக்கு 14 மரபணுக்கள் உள்ளன. ஒன்றைச் சிதைத்தால் மற்றவை அதன் வேலையைப் பகிர்ந்துகொள்வதால் செடியில் குறை எதுவும் தெரிவதில்லை. மரபணுவைக் கெடுத்துப் பார்க்கும் வழக்கமான முறை இங்கே பயன்படவில்லை.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஷான் கட்லரின் குழுவினர் எதிர்த்திசையில் சென்றனர். அப்சிசிக் அமிலத்தைப் போல விதை முளைப்பைத் தடுக்கும் பைரபாக்டின் என்ற செயற்கைப்பொருளை எடுத்துக்கொண்டனர். அது அவ்வேற்பிக் குடும்பத்தின் சிலவற்றை மட்டுமே தூண்டுவதால், அதற்கு இணங்காத செடிகளைக் கொண்டு உரிய மரபணுவைக் கண்டறிய முடிந்தது. அதே ஆண்டில் மூனிக்கைச் சேர்ந்த எர்வின் கிரில்லின் குழுவினர் பாஸ்ஃபட்டேசுடன் ஒட்டும் புரதங்களைத் தேடி அதே குடும்பத்தை வந்தடைந்தனர். 2015இல் கட்லரின் குழு, ஏற்பியின் குழிவைத் திருத்தி, மாண்டிபுரோபமிட் என்ற பூஞ்சைக்கொல்லியைப் பற்றிக்கொள்ளுமாறு அமைத்தது. அம்மருந்தைத் தெளித்ததும் செடிகள் வறட்சிக்குரிய முறையில் இலைத்துளையை மூடின. சமிக்ஞை முற்றிலும் அயலானது. செல் அளித்த விடையோ அதன் பழைய விடையே.

இத்தகைய கண்டுபிடிப்புகளை மானாவாரி நிலத்துக்கு உடனடித் தீர்வாக எண்ணிவிடலாகாது. துளையை மூடினால் நீர் மிஞ்சும். கரியமில வாயுவும் நின்றுவிடும், மாவுப்பொருள் உற்பத்தி குறையும். செடி பிழைப்பது வேறு, விளைவது வேறு. கடன் வாங்கி விதைத்தவருக்குக் காயில்லாமல் பசுமையாக நிற்கும் பருத்தி ஆறுதல் தராது.

சப்பையும் பிஞ்சும் உதிர்தல்

பிஞ்சின் காம்படியில் சில அடுக்குச் செல்கள் உதிர்மண்டலமாக அமைந்துள்ளன. வளரும் பிஞ்சு ஆக்சினை உருவாக்கிக் காம்பின் வழியே இடைவிடாது அனுப்புகிறது. அவ்வோட்டம் நீடிக்கும்வரை உதிர்மண்டலச் செல்கள் எத்திலீனுக்குச் செவிசாய்ப்பதில்லை. வறட்சியில் பிஞ்சுக்கு உணவு குறைய, ஆக்சின் தளர்கிறது, எத்திலீன் பெருகுகிறது. அப்போது அச்செல்கள் செல்லுலேஸ் முதலிய நொதிகளைச் சுரந்து தம் சுவர்களுக்கிடையே உள்ள பிணைப்பைக் கரைக்கின்றன. காற்றின் சிறு அசைவில் பிஞ்சு விழுகிறது. பூத்து இரண்டு வாரம் கடந்த காய்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. செடி தன்னால் காக்க இயலாதவற்றுள் குறைவாகச் செலவிட்டவற்றையே கைவிடுகிறது எனலாம்.

எத்திலீனின் ஏற்பியே முன்னர்க் குறிப்பிட்ட விந்தை. 1993இல் மரபணு அறியப்பட்ட ‘இடிஆர்1’ என்னும் இவ்வேற்பி, தாவர ஹார்மோன்களுள் முதன்முதலாக இனங்காணப்பட்டது. எத்திலீன் இல்லாதபோது இது விழித்திருந்து எத்திலீனுக்குரிய விளைவுகளை அடக்குகிறது. எத்திலீன் வந்து, ஏற்பியிலுள்ள செப்பு அயனியுடன் இணைந்ததும் இது ஓய்கிறது, அடக்கப்பட்டவை எழுகின்றன. காவலர் உறங்கியதும் கதவு திறப்பது போன்றதே இச்செயல்.

ஆக்சினின் ஏற்பி மேலும் வேறுபட்டது. 2005இல் உறுதியான அது, ஆக்சினைப் பசையாகக் கொண்டு அடக்குபுரதம் ஒன்றைப் பற்றி அழிவுக்கு அனுப்புகிறது. பருத்தியில் உதிர்தலைக் குறைக்கத் தெளிக்கப்படும் நாப்தலீன் அசிட்டிக் அமிலம் செயற்கை ஆக்சினே. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் அதன் அளவு 40 பிபிஎம், அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 40 மில்லிகிராம். பிஞ்சு அனுப்பத் தவறிய செய்தியை வெளியிலிருந்து அனுப்புவதே இதன் நோக்கம். அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்ற எண்ணம் இங்கே கேடாக முடியும். மிகையான ஆக்சின் செல்லில் எத்திலீன் உற்பத்தியையே தூண்டிவிடும். தடுக்க வந்த மருந்து உதிர்க்கும் மருந்தாகிவிடும். நீர் அறவே இல்லாத நிலையில் சரியான அளவும் உதவாது. ஏனெனில் பிஞ்சின் பசியைச் செய்தியால் தீர்க்க இயலாது.

களைக்கொல்லியாகப் பயன்படும் 2,4-டி என்பதும் ஆக்சின் ஏற்பியைப் பற்றுவதே. சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்கள் அதனைப் பெரிதும் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் பருத்தி மிக நுட்பமாக அதனை உணர்கிறது. அடுத்த புன்செயில் தெளித்த மருந்தின் சாரல் காற்றில் வந்து பட்டாலே பருத்தியின் இளந்தளிர்கள் விரல்போலப் பிளந்து வெண்டை இலையை ஒத்த உருவம் பெறும். நோய் என்று கருதிப் பூச்சிமருந்துக்குச் செலவிடுபவரும் உளர். அது நோயன்று; தவறான இடத்தில் சென்று சேர்ந்த ஒரு செய்தி.

வேர்க்கசிவும் சுடுமல்லியும்

செல்களின் உரையாடல் ஓர் உடலுக்குள் மட்டும் நிகழ்வதன்று. சோளப் புன்செய்களில் சுடுமல்லி என்னும் ஒட்டுண்ணிக் களை வேரைப் பற்றி வளர்கிறது. தூசிபோன்ற அதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கியிருக்கும். அருகே ஒரு வேரின் கசிவை உணர்ந்தால் மட்டுமே முளைக்கும். அம்முளைதூண்டி 1966இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டபோது, அது கிடைத்ததும் பருத்தியின் வேர்க்கசிவிலிருந்தே. ‘ஸ்ட்ரைகால்’ என்று அது பெயர்பெற்றது. இதில் வியப்பு என்னவெனில், பருத்தியின் மீது சுடுமல்லி வாழ இயலாது.

தன் எதிரியை எழுப்பும் பொருளை வேர் ஏன் கசியவிட வேண்டும்? விடை கிடைக்க ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ஆயின. 2005இல் அகியாமா முதலியோர், வேர்களுடன் கூடிவாழும் மைகோரைசா பூஞ்சையைக் கிளைக்கச் செய்வது ஸ்ட்ரைகாலின் இனத்தைச் சேர்ந்த பொருளே என்று காட்டினர். மணிச்சத்து குறைந்த மண்ணில் அச்சத்தைத் திரட்டித் தரும் நண்பனுக்கு விடுத்த அழைப்பு அது. 2008இல் இதே பொருள்கள் செடிக்குள் பக்கக்கிளைகளைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களாகவும் செயல்படுவது தெரிந்தது. அழைப்பை ஒட்டுண்ணி ஒட்டுக்கேட்கிறது. சுடுமல்லியின் ஆப்பிரிக்க இனத்தில் இதற்கான ஏற்பிகள் 2015இல் அறியப்பட்டன. பிற செடிகளின் விதையில் எரிந்த தாவரங்களின் புகையிலுள்ள சேர்மங்களுக்கு விடையளிக்கும் ஏற்பிக் குடும்பமே ஒட்டுண்ணியில் பெருகி, ஸ்ட்ரைகால் இனத்தை மிக நுண்ணிய அளவிலும் உணருமாறு மாறியிருந்தது.

பருத்தியையும் சோளம், கம்பு போன்ற தானியங்களையும் மாற்றி மாற்றிப் பயிரிடுவது கரிசல் மானாவாரியின் பழைய முறை. சுடுமல்லியை எண்ணி அம்முறை வகுக்கப்பட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. மண்வளமும் விலையும் தீவனத் தேவையும் அதற்குப் போதிய காரணங்கள். ஆயினும் சுடுமல்லி விதை கிடக்கும் புன்செயில் பருத்தி நிற்கும் பருவத்தில், அதன் வேர்க்கசிவு அவ்விதைகளை எழுப்புகிறது. எழுந்த முளைக்குப் பற்ற உரிய வேர் கிடைப்பதில்லை. விதையில் உள்ள சேமிப்பு சில நாள்களுக்கே போதும். அதற்குள் முளை மடிகிறது. வேளாண் அறிவியலார் இதனைத் தற்கொலை முளைப்பு என்பர். 2018இல் வெளியிடப்பட்ட செயற்கைச் சேர்மம் ஒன்று, ஒட்டுண்ணியின் ஏற்பிக்கு மட்டும் பொருந்துமாறு அமைக்கப்பட்டு, மிகக் குறைந்த செறிவில் அதே முளைப்பைத் தூண்டுகிறது. பயிர் இல்லாத கோடையில் அதனை மண்ணில் இட்டு, சோளம் விதைக்கும் முன்பே களைவிதைகளைத் தீர்த்துவிடுவது அதன் நோக்கம்.